கேட்டுக்கு வெளியே ஒரு வீடு

நாலு நாளைக்கு வாடகை பேசி
ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எடுத்தோம்,
சக்கரம் வைத்த அந்த ஒற்றை அறையை.
ஃப்ரிட்ஜ் கதவுக்குக் கயிறு கட்டியிருந்தது.
"வளைவில் திறந்துகொள்ளும், ஒன்றும் ஆகாது" என்றார்
வண்டிக்குச் சொந்தக்காரரான பெஷாவர்க்காரர்.
ஆயிரத்தைந்நூறு திர்ஹாம் முன்பணத்தை எண்ணி வாங்கி
இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று
நாலு விரலைக் காட்டினார்.

டிசம்பர் லீவு. ரியோனாவுக்கு
மேல் பலகைதான் வேண்டுமாம்.
பெமிலாவுக்கு, துபாய் தாண்டுவதற்குள்
தண்ணீர்த் தொட்டியின் முள்
ஏன் பாதிக்கு வந்தது என்ற யோசனை.

முதல் இரவு அபுதாபியில், லூர்து அக்கா வீடு.
"ஐயோ, இத இங்கயா நிறுத்துவீங்க?
பக்கத்து வில்லாக்காரங்க என்ன நினைப்பாங்க."
சாப்பாட்டில் குறையில்லை.
ஆளுக்கொரு பாத்ரூம்கூட இருந்தது.
வண்டியை மட்டும் இரண்டு தெரு தள்ளி
பள்ளிவாசல் மதிலோரம் விட்டுவிட்டு வந்தேன்,
கடன் கேட்க வந்த சொந்தக்காரனை
வெளியே நிற்கச் சொன்னதுபோல.

மறுநாள் மேற்கே.
மிர்ஃபாவுக்கு முன்னால் பனி இறங்கி
லாரிகள் எல்லாம் வெறும் சிவப்பு விளக்குகளாயின.
பனி விலகியபோது இரண்டு பக்கமும் உப்புத் தரை.
"நம்ம தூத்துக்குடி மாதிரியே" என்றேன்.
"பாத்தி கட்டாத தூத்துக்குடி" என்றாள் பெமிலா.

ருவைஸில் கிங்ஸ்லி, என் தம்பி,
சாரம் கட்டுகிறவன்.
கேம்ப்பில் அறைக்கு ஆறு பேர்.
குடும்பத்தார் கேட்டைத் தாண்டக்கூடாது.
ஒன்பது வருஷமாக அவனை நாங்கள் பார்த்ததெல்லாம்
டீக்கடை வாசலில்,
காகித டம்ளரைக் கைமாற்றிக்கொண்டு.
காவலுக்கு நின்ற நேபாளி வண்டியைச் சுற்றி வந்தான்,
இங்கே முடியாது என்றான்,
பிறகு அவனே
ஷிப்ட் பஸ்கள் நிற்கும் சரளைத் திடலைக் காட்டினான்.

ஏழு மணிக்கு வந்தான் தம்பி.
குளித்து, எண்ணெய் தேய்த்து,
மடிப்புக் கலையாத சட்டையில்.
படியில் ஒரு கால் வைத்தவன் நின்றான்.
"அண்ணே, எல்லாரும் கொஞ்சம் கீழ எறங்குங்க."
"எதுக்குல?"
"எறங்குங்கன்னா எறங்குங்க."

குளிரில், சரளையில் நின்றோம்.
பெமிலா கையில் இன்னும் மீன்குழம்புக் கரண்டி.
உள்ளே கதவைச் சாத்திக்கொண்டான்.
மெத்தையைத் தட்டும் சத்தம்,
டம்ளர் கழுவும் சத்தம்.
ரியோனாதான் தட்டினாள்.

"வாங்க, வாங்க! வழி தெரிஞ்சிச்சா?
மதினி, செருப்பு அங்கயே கெடக்கட்டும்.
காப்பி குடிக்கீகளா, சாப்பிட்டுருதீகளா?"

அவன் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
ஆறு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட்.

பிறகு அந்த ஐந்து பேரும் வந்தார்கள்.
அவர்கள் சொல்லி எதிர் அறைக்காரர்கள்,
பாதியில் அந்த நேபாளியும்.
ஒவ்வொருவரையும் படிவரை போய் அழைத்து
"உட்காருங்க பாய்" என்றான்.
உட்கார இடமில்லை.
சோறு மூன்று தரம் வைத்தோம்,
நாலாம் தரம் பாதி வேகும்போது கேஸ் தீர்ந்தது.
அதையும் சாப்பிட்டார்கள்.
லூலுவில் வாங்கிய ப்ளம் கேக்கை
பெமிலா பிளேடு கனத்துக்கு வெட்டினாள்.

பத்து மணிக்கு கேட் மூடும்.
விருந்தாளிகளை வீட்டில் விட்டுவிட்டு
வீட்டுக்காரன் கிளம்பிப் போனான்.
ரியோனா பின் கண்ணாடியில் கையாட்டினாள்.
மதிலுக்கு மேல் வரிசையாக எரிந்த ட்யூப்லைட்களில்
அவனுடையது எது என்று கேட்டாள்.
தெரியவில்லை.

ஷார்ஜாவில் பெஷாவர்க்காரர் குனிந்து பார்த்தார்.
படி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
"எத்தனை பேர் ஏறினீர்கள்?"
நாலு விரலைக் காட்டினேன்.
நம்பாமல் நூற்றைம்பது திர்ஹாமைப் பிடித்துக்கொண்டார்.
உள்ளே போய், ஃப்ரிட்ஜ் கதவில்
புதிதாக இருந்த முடிச்சைப் பார்த்தார்.
சாரத்துக்குப் போடும் முடிச்சு.
இழுத்தார், இன்னொரு தரம் இழுத்தார்.
அதற்கு ஒன்றும் பிடிக்கவில்லை.